மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்: சேமிப்பது, கலப்பது, ஏற்றுவது

வவுனியாப் பக்கம் அடுப்படியில் இருக்கும் கேத்தலின் அடியைப் பார்த்தால் வெள்ளைப் படை பிடித்திருக்கும். அதே படைதான் மீன் தொட்டிக் கண்ணாடியிலும் நீர்மட்டம் நின்ற இடத்தில் கோடாகக் காய்கிறது. அதைச் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போய் ஆர்.ஓ. இயந்திரம், அதாவது தண்ணீரை மென்சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கும் வடிகட்டி, பூட்டுகிறவர்கள் பலர். பூட்டுவது பெரிய வேலையல்ல. பூட்டிய பிறகு அந்தத் தண்ணீரை எங்கே வைப்பது, அதில் என்ன சேர்ப்பது, தரையை நனைக்காமல் தொட்டிக்கு எப்படி ஏற்றுவது என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். மீன் சாவதும் வீட்டுக்குள் வெள்ளம் வருவதும் பரலுக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட அந்த ஆறடிக்குள்தான்.

உங்களுக்கு இது தேவையா?

கப்பி, மொலி, பிளாட்டி, தங்கமீன் வளர்ப்பவருக்கு ஆர்.ஓ. வீண் செலவு. உப்புக் கரிக்காத கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு வன்மையாக இருந்தாலும் இவற்றுக்குப் பிடிக்கும், மொலிக்கு இன்னும் அதிகமாகவே பிடிக்கும். ஏஞ்சல், ரெட்ரா வகைகள், டிஸ்கஸ், ராம், கிறிஸ்டல் ரெட் இறால், மென்மையான தண்ணீர் கேட்கும் செடிகள் என்று போகிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

முதலில் கிணற்றை அளவிடுங்கள். ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் உப்பும் கனிமமும் கரைந்திருக்கிறது என்று காட்டும் ரி.டி.எஸ். மீற்றரும், மொத்த வன்மையையும் (கல்சியம், மக்னீசியம்) காபனேற்று வன்மையையும் (பைகாபனேற்று) டிகிரிக் கணக்கில் காட்டும் சொட்டு மருந்துப் பெட்டியும் வேண்டும். ரி.டி.எஸ். எண் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். வவுனியாவின் கருங்கல் நிலத்துக் கிணற்றில் 700 காட்டினால் அதில் பெரும்பகுதி கல்சியமும் மக்னீசியமும் பைகாபனேற்றும். பூநகரி, மன்னார்க் கரையோரக் கிணற்றில் அதே 700 காட்டினால் அதில் பெரும்பகுதி கறியுப்பாக இருக்கலாம். எண் ஒன்றுதான், ஆனால் பின்னால் கலக்கும்போது இரண்டும் இரண்டு விதம். எப்படி என்று கீழே வரும்.

குழாய்க்கிணறு என்றால் ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரை நேரே ஆர்.ஓ.வுக்கு விட்டால் முன்வடிகட்டியும் மென்சவ்வும் சீக்கிரமே அடைத்துவிடும். மேல்தாங்கியில் ஓர் இரவு தெளியவிட்டு, தாங்கியின் அடியிலிருந்து அல்லாமல் அரை அடி மேலே இருந்து எடுங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 190 லீற்றர். மணல், கல், மேல்விளிம்பு இடைவெளி கழித்தால் 160 நிற்கும். கிழமைக்குக் கால்பங்கு மாற்றினால் 40 லீற்றர். இத்துடன் ஆவியாகிப் போவதை நிரப்பவும் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மூடியில்லாத தொட்டி தண்ணீரை எவ்வளவு குடிக்கிறது என்பது அதை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு தொட்டிக்கு 100 லீற்றர்ப் பரல் ஒன்றும் 60 லீற்றர்க் கலக்கும் பரல் ஒன்றும் போதும். மூன்று தொட்டிகள் என்றால் 200 லீற்றர்ப் பரல் எடுங்கள். ஆனால் நிரம்பிய 200 லீற்றர் 200 கிலோ என்பதை மறக்க வேண்டாம். அதற்கு இடம் சீமெந்துத் தரைதான், பலகை மேசை அல்ல.

ஆர்.ஓ. பக்கம்

75 ஜீ.பி.டி. (நாளொன்றுக்கு 75 அமெரிக்கக் கலன்) என்று எழுதிய மென்சவ்வு நாளொன்றுக்கு 284 லீற்றர், அதாவது மணிக்கு 12 லீற்றர் தர வேண்டும். அது 3.5 முதல் 4 பார் அழுத்தம் கிடைத்தால்தான். வீட்டு மேல்தாங்கி 5 மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது அரை பார். ஆகவே அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம் இல்லாமல் வன்னியில் வீட்டு ஆர்.ஓ. என்பது சொட்டு மருந்து மாதிரித்தான் வடியும். 24 வோல்ட்டில் ஓடும் சிறிய பூஸ்டர் போதும்.

கழிவுக் குழாயை அளவிடுங்கள். ஒரு நிமிடம் நல்ல தண்ணீரை ஒரு கோப்பையிலும் கழிவை இன்னொன்றிலும் பிடியுங்கள். ஒன்றுக்கு மூன்று வந்தால் நல்லது. தண்ணீர் வீணாகிறதே என்று கழிவு வழியை இறுக்கி ஒன்றுக்கு ஒன்று ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நமது வன்மைக்கு அது மென்சவ்வைச் சுண்ணாம்பாக்கும் வழி. இன்னும் அதிக வன்மை உள்ள கிணறு என்றால் ஒன்றுக்கு நான்காகவே விடுங்கள்.

இயந்திரம் நின்று மறுபடி தொடங்கும்போது முதல் சில நிமிடங்கள் வரும் தண்ணீரில் உப்பு அதிகம். நின்றிருந்த நேரத்தில் மென்சவ்வின் இருபக்கமும் உப்பு சமப்படப் பார்ப்பதால் வருவது இது. முதல் ஐந்து நிமிடத்தைக் கழிவோடு விட்டுவிடுங்கள். பரல் நிறைந்ததும் தானாக மூடும் மிதவை வால்வை மட்டும் நம்பி விட்டுவிடுவது சரியில்லை என்பதும் இதனால்தான். இரண்டு லீற்றர் எடுத்தவுடன் மிதவை இறங்கும், இயந்திரம் பத்து நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி எடுக்கும்போது மறுபடி ஓடும். பரலுக்குள் விழுவதில் பாதி அந்தக் கெட்ட முதல் தண்ணீர்தான். கிழமைக்கு ஒரு நாள், ஒரே ஓட்டமாக எட்டு ஒன்பது மணி நேரம் ஓடவிட்டு 100 லீற்றரை நிரப்பிவிட்டு, கை வால்வால் மூடிவிடுங்கள். மிதவை வால்வைப் பூட்டுங்கள், ஆனால் அது காவலுக்கு மட்டும். அதற்கும் மேலே முக்கால் இஞ்சி வழிகுழாய் ஒன்றைப் பொருத்தி வெளியே வாய்க்காலுக்கு விடுங்கள். மிதவை ஒருநாள் சிக்கும்.

மிதவை மூடிய பிறகும் கழிவு ஓடிக்கொண்டே இருந்தால் குற்றம் மிதவையில் இல்லை. பூஸ்டர் உள்ள இயந்திரத்தில், நல்ல தண்ணீர்க் குழாயில் உள்ள ஒருவழி வால்வோ அழுத்த சுவிச்சோ பழுது.

ஊர் ஆர்.ஓ. நிலையத்தில் 20 லீற்றர்க் கானில் வாங்குகிறவர்களும் கீழே உள்ள முறையையே பின்பற்றலாம். ஒவ்வொரு முறையும் ரி.டி.எஸ். பார்த்துவிட்டுப் பரலில் ஊற்றுங்கள். குடிப்பதற்காகச் சில நிலையங்களில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கலந்தும் தருவார்கள். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, மீற்றருக்குத் தெரியும்.

பரலும் பொருத்துகளும்

பழைய நீலப் பரல் மலிவு. அதில் முன்பு என்ன இருந்தது என்பதை விற்பவர் உறுதியாகச் சொல்லாவிட்டால் வாங்க வேண்டாம். களைநாசினி, பூச்சிமருந்து வந்த பரலை எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்ரிக் அதை விடாது. உணவுப் பொருள் வந்த பரல், அல்லது முக்கோணத்துக்குள் 2 என்ற எண் உள்ள புதிய மூடிப் பரல் நல்லது. வெளிச்சம் புகும் பரலில் பாசி வரும், எனவே கறுப்பு நிறம் மேல். நீலம்தான் கிடைத்தது என்றால் கறுப்புப் பொலித்தீன் சுற்றுங்கள். விறாந்தை நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் முற்றத்தில் நின்ற பரலின் தண்ணீரைத் தொட்டிக்கு விட்டால் மீன் வெந்நீரில் குளிக்கும். இரண்டு தண்ணீரின் வெப்பநிலைக்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

உப்பு இல்லாத தண்ணீர் உலோகத்தைக் கரைக்கும். பித்தளைக் குழாய், நாகம் பூசிய நிப்பிள், செம்புப் பொருத்து எதுவும் இந்த வழியில் வரக்கூடாது. செம்பு கொஞ்சம் கரைந்தாலே இறால் போய்விடும். பி.வி.சி. வால்வும் பிளாஸ்ரிக் கொனெக்டரும் எல்லா ஹார்ட்வெயாரிலும் இருக்கும். பி.வி.சி. பசை ஒட்டினால் ஒரு நாள் காயவிட்டு, இரண்டு தடவை தண்ணீர் ஓடவிட்டுக் கொட்டிய பிறகே பாவிக்க வேண்டும்.

மூடியில் காற்று போக ஓர் ஓட்டை வையுங்கள், அதற்கு நுளம்புவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். திறந்து கிடக்கும் பரலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் மீன் தொட்டிக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. டெங்கு நுளம்புக்குத் தெளிந்த தண்ணீர்தான் விருப்பம்.

வெறும் ஆர்.ஓ. தண்ணீர் இருட்டில் மூடி இருந்தால் இரண்டு கிழமை தாராளமாக நிற்கும். பரலின் உள்சுவரைத் தடவினால் வழுவழுப்பாக இருந்தால் கழுவும் நாள் வந்துவிட்டது. 10 லீற்றர் தண்ணீரில் வாசனை இல்லாத 5 வீத குளோரின் திரவம் 20 மில்லிலீற்றர் விட்டு, அந்தத் தண்ணீரால் சுவரைத் துடைத்து அரை மணி நேரம் விட்டு, இரண்டு தடவை அலசி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சவர்க்காரம் வேண்டாம். அந்தக் குளோரின் தண்ணீர் ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. மென்சவ்வு அழியும்.

கலக்கும் பரல்

இனித்தான் வேலை. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை நேரே தொட்டிக்கு விடக்கூடாது. அதில் காபனேற்று வன்மை இல்லை, எனவே பி.எச்.ஐ, அதாவது தண்ணீரின் அமில, கார அளவை, தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லை. மீனின் கழிவு சிறிது அமிலம் சேர்த்தாலும் பி.எச். சரியும். கல்சியமும் மக்னீசியமும் இல்லாத தண்ணீரில் மீனின் உடல் தன் உப்பைக் காப்பாற்றப் படும் பாடு வேறு. ஆவியாகிப்போனதை நிரப்ப மட்டும் வெறும் ஆர்.ஓ. சரி, ஏனென்றால் ஆவி தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

வன்மையான ஆனால் உப்புக் கரிக்காத கிணறு உள்ளவருக்கு மலிவான கனிமம் அந்தக் கிணறுதான். கிணறு 700, ஆர்.ஓ. 20, உங்களுக்கு வேண்டியது 160 என்று வையுங்கள். வேண்டியதிலிருந்து ஆர்.ஓ.வைக் கழித்தால் 140. கிணற்றிலிருந்து ஆர்.ஓ.வைக் கழித்தால் 680. 140-ஐ 680-ஆல் வகுத்தால் 0.206. 100 லீற்றரில் 20.6 லீற்றர் கிணறு, மீதி ஆர்.ஓ. 45 லீற்றர் கலக்கும்போது கிணறு ஒன்பதேகால் லீற்றர், ஆர்.ஓ. முப்பத்தைந்தே முக்கால். கிணற்றின் வன்மை 20 டிகிரி என்றால் கலவையில் 4 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். ஏஞ்சலுக்கும் ரெட்ராவுக்கும் அது நல்ல இடம்.

கரையோர உப்புக் கிணற்றில் இந்தக் கணக்கு ஓடாது. மீற்றர் 160 காட்டும், ஆனால் அதில் இருப்பது கறியுப்பு, வன்மை அல்ல. அங்கே கனிமத்தை வெளியிலிருந்து சேருங்கள். 100 லீற்றர் ஆர்.ஓ. தண்ணீருக்கு:

- கல்சியம் குளோரைட்டு, இரு நீர் மூலக்கூறு உள்ள வகை: 7.9 கிராம். வன்மை 3 டிகிரி ஏறும்.
- எப்சம் உப்பு: 4.4 கிராம். வன்மை இன்னும் 1 டிகிரி.
- அப்பச்சோடா: 6 கிராம். காபனேற்று வன்மை 2 டிகிரி.

கல்சியத்தையும் அப்பச்சோடாவையும் ஒரே கோப்பையில் கரைக்க வேண்டாம். செறிவில் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகிப் பால் மாதிரி வெளுத்து அடியில் படியும், பிறகு கரையாது. வெவ்வேறு கோப்பையில் கரைத்து, ஒன்றை ஊற்றிப் பரலை நன்றாகக் கலக்கிய பிறகு மற்றதை ஊற்றுங்கள். சமையல் தராசு ஒரு கிராமுக்குக் கீழ் காட்டாது. நகைத்தராசு மாதிரிச் சிறு தராசு ஒன்று வாங்குங்கள், கரண்டி அளவு வேண்டாம்.

குழாய் நீர் விநியோகம் உள்ளவர்கள் கிணற்றுக்குப் பதில் அதைக் கலந்தால் குளோரின் நீக்கும் மருந்தை முதலில் போட வேண்டும். அதைப் புட்டியில் எழுதிய அளவுப்படியே போடுங்கள்.

கலந்த பிறகு காற்றுக்கல் ஒன்றைப் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். கிணற்றின் காபனீரொட்சைட்டு மென்சவ்வைத் தாண்டி வரும், அதனால் புதிய ஆர்.ஓ. தண்ணீரின் பி.எச். தாழ்ந்தே இருக்கும். காற்று பட்டால் அது வெளியேறும். கலப்பதற்கு முன் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். மீற்றரை விட்டு அங்கும் இங்கும் ஓடும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உப்பு இல்லாத தண்ணீரில் அந்த மீற்றர் ஒழுங்காக வாசிக்காது.

ஏற்றும் பம்

இங்கே வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியுள்ள ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள்: மணிக்கு 1000 லீற்றர். அது உயரமே இல்லாதபோது. பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண், உச்ச உயரம், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம்.

உங்கள் உயரத்தைக் கணக்கிடுங்கள். தொட்டி நிற்கும் மேசை 75 செ.மீ., தொட்டி 45 செ.மீ., விளிம்பைத் தாண்டிக் குழாய் வளைய 10 செ.மீ. மொத்தம் 1.3 மீற்றர். தரையில் உள்ள பரல் வற்றும் நேரத்தில் பம் தூக்க வேண்டியது முழுக்க இதுதான். இதற்கு மேல் குழாயின் உராய்வு. அரை இஞ்சி ஹோஸ் 6 மீற்றர் நீளத்தில் மணிக்கு 600 லீற்றர் ஓடினால் உராய்வு மட்டும் ஒரு மீற்றருக்கு மேல் தின்றுவிடும். அதே நீளம் முக்கால் இஞ்சி ஹோஸ் என்றால் இருபது செ.மீ.க்குள் நிற்கும். பம்மை மாற்றுவதற்கு முன் ஹோஸை மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். உச்ச உயரம் 2.5 முதல் 3 மீற்றர், ஓட்டம் 1500 முதல் 2000 என்று எழுதிய, தண்ணீருக்குள் மூழ்கும் சிறு பம் ஒன்று முக்கால் இஞ்சி ஹோஸோடு போதும். கிணற்று மோட்டரை இதற்குக் கொண்டுவர வேண்டாம். மணலும் செடியும் மீனும் ஒரே மூலைக்குப் போகும்.

பம்மின் வெளிப்பக்கத்தில் பி.வி.சி. வால்வ் ஒன்று வைத்து அதனால் ஓட்டத்தைக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக்கூடாது. பம் தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும், கொறகொற என்று காற்று இழுக்கும் சத்தம் வந்தவுடன் நிறுத்துங்கள். அடியில் நாலைந்து லீற்றர் எப்போதும் மிஞ்சும், 40 வேண்டியவர் 45 கலப்பது அதற்காகத்தான்.

இனி வெள்ளத்தின் கதை. பரலின் நீர்மட்டம் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்து, ஹோஸின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பம்மை நிறுத்தியதும் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். காலையில் தொட்டி பாதி, பரல் நிறைந்து தரையில். பரல் உயரத்தில் இருந்தால் மறுபக்கம்: பம் நின்ற பிறகும் ஓட்டம் நிற்காது, தொட்டி வழியும். கரண்ட் போனாலும் இதேதான், ஆகவே ரைமர் போட்டிருக்கிறேன் என்பது காவல் அல்ல. தாழ்ந்த பரலுக்கு மருந்து எளிது. ஹோஸ் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து விளிம்பில் கிளிப்பால் இறுக்கி, நுனி நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு இஞ்சி நிற்கவிடுங்கள். நீருக்குள் விட்டே தீருவேன் என்பவர் வளைவின் உச்சியில் 3 மில்லிமீற்றர் ஓட்டை போடட்டும், பம் நின்றதும் அதன்வழி காற்றுப் புகுந்து ஓட்டத்தை முறிக்கும். ஓட்டை தொட்டிக்குள் பார்த்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பீச்சும். உயரப் பரலுக்கு இவற்றோடு கை வால்வும் பக்கத்தில் ஆளும் வேண்டும்.

கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் கலக்கும் பரலை மேசையைவிட உயரமான சீமெந்துக் கட்டில் வைத்து அடியில் வால்வ் பூட்டினால் பம்மே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்றுவது ஆர்.ஓ. இயந்திரத்தின் அழுத்தமே செய்துவிடும்.

மின்சாரம் பற்றி இரண்டு வரி. பம்மின் வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்கிற்குள் போகாமல் சொட்டும். 30 மில்லிஅம்பியர் ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், இருந்தாலும் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

மாற்றும் நாள்

மேலே சொன்ன தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய 4.2 லீற்றர். 40 லீற்றருக்கு ஒன்பதரை செ.மீ. கண்ணாடியில் வழமையான நீர்மட்டத்துக்கு ஒரு கோடு, அதிலிருந்து ஒன்பதரை கீழே இன்னொரு கோடு போட்டுவையுங்கள். வடிகட்டியையும் ஹீற்றரையும் நிறுத்திவிட்டு மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை இறக்குங்கள். கலவையின் ரி.டி.எஸ்.ஸும் வெப்பநிலையும் பாருங்கள். பம்மைப் போட்டு, வால்வால் பத்து நிமிடத்தில் நிரம்பும்படி மெதுவாக விடுங்கள், நுனிக்குக் கீழே ஒரு சிறு தட்டு வைத்தால் மணல் கிளம்பாது. கலக்கும் பரலில் இருப்பதே 45 லீற்றர்தான், ஆகவே மறந்து நின்றாலும் பெரிய வெள்ளம் வராது. 200 லீற்றர்ப் பரலில் இருந்து நேரே ஏற்றுகிறவருக்கு இந்தக் காவல் இல்லை.

கிணற்றுத் தண்ணீரில் வருடக் கணக்காக இருந்த மீனை ஒரே நாளில் 160-க்கு இறக்க வேண்டாம். முதல் மாதம் பத்து வீதமே மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரின் ரி.டி.எஸ். படிப்படியாக இறங்கட்டும்.

மழைக் காலம்

ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் இலவசமாக ஆர்.ஓ. தருகிறது. 50 சதுர மீற்றர்க் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1000 லீற்றர், சிந்தியது போக 800 பிடிக்கலாம். ஓட்டுக் கூரை நல்லது. தகரக் கூரையின் நாகம் இறாலுக்கு ஆகாது, பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை விட்டுவிடுங்கள். கோடைக்குப் பின் வரும் முதல் மழை முழுவதையும், பிறகு ஒவ்வொரு மழையிலும் முதல் இருபது நிமிடத்தையும் வெளியே விடுங்கள். துணியால் வடித்துப் பிடித்த தண்ணீரை ஆர்.ஓ. மாதிரியே கலந்து பாவிக்கலாம். புதிய சீமெந்துத் தொட்டியில் சேமித்தால் மட்டும் சுண்ணாம்பு கரைந்து பி.எச். ஏறும், முதல் சில நிரப்பலைக் கொட்டுங்கள்.

மாதம் ஒருமுறை

கிணற்றின் ரி.டி.எஸ்.ஸையும் ஆர்.ஓ.வின் ரி.டி.எஸ்.ஸையும் எழுதிவையுங்கள். 700 உள்ளே போய் 20 வந்தால் 97 வீதம் நிறுத்துகிறது. 70 வரத் தொடங்கினால் மென்சவ்வு போகும் வழியில் இருக்கிறது. ஓட்டம் மட்டும் குறைந்து எண் மாறாவிட்டால் முதலில் முன்வடிகட்டியைப் பாருங்கள், பழுப்பாகியிருக்கும். கோடையில் கிணறு இறங்கும்போது உள்ளே போகும் எண்ணும் மாறலாம், அப்போது கலக்கும் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

கழிவுத் தண்ணீரை வாய்க்காலுக்கு விட மனம் வராது. ஒன்றுக்கு மூன்று என்று ஓடினால் 700 கிணற்றின் கழிவு 930 அளவில் இருக்கும். கக்கூசுக்கும் முற்றம் கழுவவும் தென்னைக்கும் விடலாம். மிளகாய் நாற்றுக்கு வேண்டாம். யாரும் குடிக்கவே வேண்டாம்: மென்சவ்வு தடுத்த புளோரைட்டும் இதற்குள்தான் சேர்ந்திருக்கிறது. கழிவுப் பரலில் அப்படியே எழுதி ஒட்டுங்கள்.